பழைய ராணுவ ரைபிளைச் சுடுமுன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ராணுவம் கழித்துவிட்ட ரைபிள் கைக்கு வந்ததும் சுட்டுப் பார்க்கத்தான் மனம் துடிக்கும். கொஞ்சம் பொறுங்கள். மோசின்-நாகன்ட், லீ-என்ஃபீல்ட், மவுசர், எஸ்கேஎஸ் எதுவானாலும் ஆபத்து கண்ணுக்குத் தெரியாத இடத்தில்தான் இருக்கும். மேகசினும் (தோட்டாக்களை நிரப்பும் பெட்டி) சேம்பரும் (குழலின் பின்முனையில் தோட்டா அமரும் அறை) காலியா என்று கண்ணாலும் விரலாலும் பார்த்துவிட்டுத்தான் மற்ற வேலை.

துருப் பிடிக்காமலிருக்க ராணுவங்கள் காஸ்மோலின் என்ற கெட்டியான கிரீஸைப் பூசி வைக்கும். பலர் வெளியே துடைத்ததோடு நிறுத்திவிடுகிறார்கள். சேம்பரைப் பின்னாலிருந்து அடைக்கும் போல்ட்டுக்குள் இறுகிக் கிடப்பதுதான் உயிருக்கு உலை வைக்கும். பெரும்பாலான எஸ்கேஎஸ் ரைபிள்களில் தோட்டாவைக் குத்தி வெடிக்கவைக்கும் ஃபயரிங் பின்னுக்கு ஸ்பிரிங் கிடையாது; அது தளர்வாக முன்னும் பின்னும் ஓடவேண்டும். கிரீஸ் அதை முன்னால் பிடித்து நிறுத்திவிட்டால், விசையைத் தொடாமலே போல்ட் மூடும்போது தோட்டா வெடிக்கும். மேகசின் தீரும்வரை தொடர்ந்துகூட வெடிக்கலாம். போல்ட்டை முழுக்கக் கழற்றி மண்ணெண்ணெயில் ஊறவைத்துக் கழுவுங்கள். திறந்த வெளியில், நெருப்புக்கு எட்டாமல். பெட்ரோல் வேண்டவே வேண்டாம். திரும்ப மாட்டியபின் போல்ட்டைக் குலுக்கினால் பின் ஆடும் சத்தம் கேட்கவேண்டும்.

மோசினில் போல்ட் இறுக்கமாக இருந்தால் 'அது அப்படித்தான்' என்று தட்டித் திறப்பவர்கள் உண்டு. பல சமயம் சேம்பரில் ஒட்டிய பழைய கிரீஸ்தான் காரணம். குழலுக்குள் இருக்கும் கிரீஸையும் சுட்டே வெளியேற்றலாம் என்று நினைக்காதீர்கள், அழுத்தம் எக்கச்சக்கமாக ஏறும். துடைத்தபின் வெளிச்சத்தில் பாருங்கள். உள்ளே கருவளையம் தெரிந்தால் குழல் உப்பியிருக்கலாம்.

அடுத்தது ஹெட்ஸ்பேஸ், அதாவது மூடிய போல்ட்டின் முகத்துக்கும் சேம்பரில் தோட்டா தடுத்து நிற்கும் இடத்துக்கும் உள்ள இடைவெளி. போல்ட்டில் குத்திய வரிசை எண்ணும் ரைபிளின் வரிசை எண்ணும் ஒன்றாக இருந்தாலே போதும் என்பது தவறான நம்பிக்கை. சோவியத் பட்டறைகளில் வேறு போல்ட்டைப் பொருத்தி எண்ணை மாற்றிக் குத்தியதும் உண்டு. லீ-என்ஃபீல்ட் நம்பர் 4-க்கு 0 முதல் 3 வரை நான்கு அளவுகளில் போல்ட் தலை வருவதே இந்த இடைவெளியைச் சரிசெய்யத்தான். கோ, நோ-கோ என்ற அளவுக் கட்டைகளை (கேஜ்) வைத்து அளந்தால் மட்டுமே உண்மை தெரியும். அதை ஆர்மரரிடம் (துப்பாக்கி பழுதுபார்ப்பவர்) விடுவது நல்லது.

தோற்றத்தை நம்பித் தோட்டா வாங்காதீர்கள். இந்தியாவின் இஷாப்பூர் 2ஏ பார்வைக்கு .303 தோட்டா சுடும் லீ-என்ஃபீல்ட் போலவே இருக்கும், ஆனால் அதற்கான தோட்டா 7.62 நேட்டோ. ரைபிளில் டிபி (DP, டிரில் பர்ப்பஸ்) என்று குத்தியிருந்தால் அது பயிற்சிக்கு மட்டுமானது; சுடவே கூடாது. அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்ட் ஆலையின் எம்1903 ரைபிளில் வரிசை எண் 800,000-க்குக் கீழே இருந்தால் எஃகு நொறுங்கக்கூடியது. அதையும் சுவரில் மாட்டி வையுங்கள்.

பழைய ராணுவத் தோட்டாக்கள் பலவற்றின் பிரைமரில் (அடியில் உள்ள, மருந்தைப் பற்றவைக்கும் மூடி) பொட்டாசியம் குளோரேட் இருக்கும். வெடித்தபின் அது குழலில் உப்பாகப் படிந்து, காற்றின் ஈரத்தை இழுத்துத் துருவைக் கொண்டுவரும். இந்த உப்பு எண்ணெயில் கரையாது, தண்ணீரில்தான் கரையும். சுட்ட அன்றே வெந்நீர் ஊற்றிக் கழுவி, நன்றாகக் காயவைத்து, பிறகே எண்ணெய் பூசுங்கள். எஸ்கேஎஸ்ஸில் வெடிப்பு வாயு செல்லும் கேஸ் குழாயும் பிஸ்டனும் இதில் சேர்த்தி. கழுவும் கம்பி குழல்வாயை உரசித் தேய்க்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், குறி கெடும்.

முதல் தோட்டாவை, ரைபிளைத் தாங்கியில் கட்டி, தள்ளி நின்று கயிற்றால் விசையை இழுத்துச் சுடுங்கள். வெளிவரும் வெற்றுத் தோட்டாக் கூட்டின் அடிப்பகுதிக்குச் சற்று மேலே பளபளப்பான வளையமோ விரிசலோ தெரிந்தால், இரண்டாவது தோட்டாவைப் போடாமல் நேரே ஆர்மரரிடம் கொண்டுபோங்கள்.