மதுரையில் அடுக்குமாடிக்குக் குடிவருகிறவர்களுக்கு: லிஃப்ட், நாள், செகரட்டரி

சிங்கப்பூர், கோலாலம்பூர், துபாய் என்று எங்கிருந்து மதுரைக்கு வந்தாலும் மாடி வாழ்க்கை உங்களுக்குப் பழகியதாகவே இருக்கும். அங்கே கட்டட நிர்வாகத்தில் ஒரு படிவம் கொடுத்தால், சாமான் ஏற்ற நேரம் ஒதுக்கித் தருவார்கள். இங்கே படிவம் அநேகமாக இருக்காது. அசோசியேஷன் (குடியிருப்போர் சங்க) செகரட்டரி, வாட்ச்மேன், லிஃப்ட் இந்த மூன்றையும் முன்கூட்டியே ஏற்பாடு செய்துகொண்டால் பாதி வேலை முடிந்தது.

மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றி 1 கி.மீ. தூரத்துக்குள் 9 மீட்டருக்கு மேல் கட்டக் கூடாது என்று 1997-ஆம் ஆண்டு அரசாணை இருக்கிறது. அதனால் மாசி வீதிப் பக்கம் உயரமான ஃபிளாட் தேடி அலைய வேண்டாம். கோச்சடை, பைபாஸ் ரோடு, ஐயர் பங்களா, கே.கே. நகர் என்று வெளியே பாருங்கள். தமிழ்நாட்டுக் கட்டட விதிகளில் 18.30 மீட்டரைத் தாண்டியதுதான் ‘உயரமான கட்டடம்’. அதற்குள் அடங்குகிற மாதிரி கீழே கார் பார்க்கிங், மேலே ஐந்து மாடி என்று கட்டியவை ஏராளம். சாமானுக்கென்று தனி லிஃப்ட் அவற்றில் எதிர்பார்க்காதீர்கள்.

வாடகை பேசுவதற்கு முன்பே ஒரு டேப்போடு போய் லிஃப்டை அளந்துவிடுங்கள். 8 பேர் என்று எழுதியிருந்தால் ஆளுக்கு 68 கிலோ கணக்கில் 544 கிலோ தாங்கும். எடை ஒரு பிரச்சினையே இல்லை. இடம்தான் இடிக்கும். 8 பேர் லிஃப்டின் உள்ளளவு வழக்கமாக 1.3 மீட்டருக்கு 1.1 மீட்டர், கதவு 80 செ.மீ. 6 பேர் லிஃப்ட் என்றால் கதவு 70 செ.மீ. தான். துபாயில் ஆசையாக வாங்கிய இரட்டைக் கதவு ஃபிரிட்ஜ் 90 செ.மீ. அகலம் இருக்கும்; ஃபிரிட்ஜின் கதவைக் கழற்றினால் நுழையுமா என்று அங்கேயே அளந்து பாருங்கள். ஆறுக்கு ஆறரை அடி மெத்தை எப்படித் திருப்பினாலும் உள்ளே போகாது. ஆறரை அடி ஸ்டீல் பீரோவும் அநேகமாகப் படிக்கட்டுதான். ஆகவே படி திரும்புகிற இடத்தையும் அளக்க வேண்டும். பால்கனி வழியாகக் கயிறு கட்டித் தூக்கலாம் என்று லோடுமேன்கள் சொல்வார்கள். கீழ்வீட்டுக் கண்ணாடிக்கு யார் பொறுப்பு என்று கேளுங்கள், பேச்சு அடங்கிவிடும்.

இனி நாள். பெரியவர்கள் விடியற்காலை முகூர்த்தத்தில் பால் காய்ச்சச் சொல்வார்கள். அசோசியேஷனோ ஒன்பது மணிக்கு முன்னால் சாமான் ஏற்ற விடாது. இதற்குச் சண்டை போடத் தேவையே இல்லை, இரண்டையும் பிரித்துவிடுங்கள். சாமி படம், விளக்கு, நிறைகுடம், அரிசி, உப்பு, மஞ்சள், பால் பாத்திரம், ஓர் அடுப்பு இவற்றோடு அதிகாலையில் போய்ப் பாலைக் காய்ச்சிவிட்டு வாருங்கள். லாரி அப்புறம் வரட்டும். ஆடியிலும் மார்கழியிலும் குடிபோகக் கூடாது என்கிற வீட்டிலும் இதே வழிதான். ஆனி முடிவதற்குள் பால் காய்ச்சி விட்டால், சாமானை ஆடியில் கொண்டுபோகலாம். ஆடியில் வண்டியும் ஆளும் சுலபமாகக் கிடைப்பது கூடுதல் லாபம். ஹோமம் வளர்ப்பதாக இருந்தால் புகை அலாரம் இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். கோமாதாவைப் பார்க்கிங்கில் நிறுத்திப் பூஜை செய்வதே எல்லாருக்கும் நல்லது, மாட்டுக்கும் சேர்த்து.

சித்திரைத் திருவிழா சமயத்தில், அதுவும் தேரோட்டமும் அழகர் ஆற்றில் இறங்குவதும் வரும் நாட்களில், வீடு மாற்ற நினைக்கவே வேண்டாம். தல்லாகுளம், கோரிப்பாளையம் பக்கம் வண்டி நகராது. இன்னொன்று, முந்தைய நாள் பேப்பரில் ‘நாளைய மின்தடை’ பகுதியைப் பார்த்துவிடுங்கள். பராமரிப்புக்காகப் பகல் முழுக்க மின்சாரம் நிறுத்துவார்கள். ஜெனரேட்டர் இருக்கிறது என்று சொன்னால் போதாது, அது லிஃப்டை இழுக்குமா என்று கேட்க வேண்டும்.

வாட்ச்மேனிடம் இரண்டு நாள் முன்பே, “அண்ணே, வெள்ளிக்கிழமை சாமான் வருது, வண்டி நிறுத்த இடம் வேணும்” என்று சொல்லி வையுங்கள். செகரட்டரிக்கு வாட்ஸ்அப்பில் எழுதுங்கள், வாய்ப்பேச்சு மறந்துபோகும். தூத்துக்குடித் துறைமுகத்திலிருந்து பெரிய லாரியில் சரக்கு வந்தால் தெருவுக்குள் திரும்புமா என்று பார்க்க வேண்டும். திரும்பாது என்றால் ரிங் ரோட்டுப் பக்கம் இறக்கி, குட்டியானை என்கிற சின்ன லோடு வண்டியில் இரண்டு மூன்று நடை அடிப்பதுதான் வழி. லோடுமேன் கூலியை மாடிக் கணக்கோடு, லிஃப்ட் ஓடாவிட்டால் எவ்வளவு என்பதையும் சேர்த்துப் பேசி முடியுங்கள். லிஃப்டின் உள்சுவருக்கு அட்டை கட்டச் சொல்லுங்கள். லிஃப்ட் கதவு மூடாமலிருக்கச் செங்கல் வைக்க விடாதீர்கள். பழுதானால் செலவு உங்கள் தலையில்தான்.

சிங்கப்பூர், மலேசியா, துபாய் மின்சாமான்கள் இங்கேயும் ஓடும், வோல்டேஜ் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆனால் அந்தச் சதுர முனை பிளக் இங்கே நுழையாது, எலக்ட்ரீஷியனை வைத்து மாற்றிவிடுங்கள். அமெரிக்கச் சாமான்களை அங்கேயே விற்றுவிடுவது உத்தமம். உங்களிடம் வெளிநாட்டு பாஸ்போர்ட் என்றால், நீங்கள் குடிவந்த 24 மணி நேரத்துக்குள் வீட்டுக்காரர் குடிநுழைவுத் துறைக்கு இணையத்தில் தெரிவிக்க வேண்டும். பலருக்கு இது தெரியாது. நீங்களே நினைவுபடுத்துங்கள்.

காலி செய்யும்போது வரும் தகராறு எல்லாம் அட்வான்ஸில்தான். பெயின்டிங்குக்கு எவ்வளவு கழிப்பார்கள் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள். குடிவந்த அன்றே சுவர், குழாய், கதவு எல்லாவற்றையும் வீடியோ எடுத்து வீட்டுக்காரருக்கு அனுப்பிவிடுங்கள். கரண்ட் பில் இரண்டு மாதத்துக்கு ஒரு முறைதான் வரும். அதனால் சாவி கொடுக்கும் அன்று மீட்டரைப் படம் பிடித்து அதுவரைக்கும் கணக்கு முடித்துக்கொள்ளுங்கள். மெயின்டனன்ஸ் பாக்கி இல்லை என்று செகரட்டரியிடம் ஒரு கடிதமும் காலி செய்வதற்கு முந்தைய நாளே வாங்குங்கள். அது இல்லாமல் பல இடங்களில் வாட்ச்மேன் கேட்டைத் திறக்க மாட்டார், ஏற்றிய வண்டிக்கு வெயிட்டிங் காசு ஏறிக்கொண்டே இருக்கும்.