துரோகி யார்? பட்டிமன்றத்துக்கு ஒரு 555 நோட்டு போதும்

போன வருஷம் எங்கள் சுங்கை சிப்புட்டில், கோயில் திருவிழாவுக்குப் பட்டிமன்றம் வைத்தார்கள். காப்பியங்களில் அதிகம் கெடுத்தது பகைவரா, துரோகியா என்பது தலைப்பு. துரோகி அணியில் ஓர் ஆள் வராமல் போக, ‘கடையில உட்கார்ந்து கதைப் புத்தகம் படிக்கிற பொண்ணு’ என்று என்னை மேடையேற்றிவிட்டார்கள். நான் சகுனியை எடுத்துக்கொண்டேன். “பெத்த அப்பன் எலும்புல செஞ்ச பகடைய்யா அது!” என்று குரலை இறக்கி ஏற்றிச் சொன்னதும் மண்டபமே கைதட்டியது.

கூட்டம் கலையும்போது முன்வரிசையில் இருந்த பெரியவர் கிட்டே வந்தார். தோட்டத்தில் தண்டலாக இருந்து ஓய்வு பெற்றவர். “நல்லா பேசுனம்மா. அந்த எலும்பு எந்தப் பருவத்துல வருது?”

வாய்க்கு வந்தபடி சபா பருவம் என்றேன்.

“நான் படிச்ச சபா பருவத்துல இல்லியே” என்றார். கோபமே இல்லாமல் சொன்னார், அதனால்தான் இன்னும் உறைக்கிறது. வியாசரில் சூதாட்டம் உண்டு, சகுனி உண்டு, எலும்புப் பகடை இல்லை. அது வாய்மொழிக் கதைகளில் வளர்ந்தது. நான் அதை எங்கோ காணொலியில் பார்த்திருக்கிறேன்.

அதற்கப்புறம் இரண்டு மேடை ஏறிவிட்டேன், யாரும் அப்படிக் கேட்கவில்லை. எப்படித் தயார் செய்தேன் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். காண்டம், காதை, படலம் என்றால் என்ன என்று விளக்கப் போவதில்லை. அது தெரிந்தவர்கள்தான் பட்டிமன்றத்துக்குப் பேர் கொடுப்பீர்கள்.

தேவையானவை

ஒரு 555 நோட்டு, ஒரு பென்சில். அவ்வளவுதான். 555 என்றால் மலேசியாவில் யாருக்கும் சொல்லத் தேவையில்லை: சட்டைப்பையில் அடங்கும் கடன் நோட்டு. சம்பள நாள் வரை தோட்டத்து ஆட்கள் அரிசி, மீன்டின், மண்ணெண்ணெய் வாங்கியதெல்லாம் அப்பா அதில்தான் எழுதுவார். கைத்தொலைபேசியில் குறிப்பெடுக்கலாமே என்று கேட்காதீர்கள். மேடையில் கைத்தொலைபேசியைப் பார்த்துப் பேசுகிறவரைச் சபை நம்பாது. அதோடு, நீங்கள் முக்கியமான வரிக்கு வரும்போதுதான் புலனத்தில் யாராவது ‘காலை வணக்கம்’ அனுப்புவார்கள்.

படி 1: ஆளை அல்ல, காட்சியைப் பிடியுங்கள்

‘இராவணன்’ என்று எடுத்தால் எட்டு நிமிடத்தில் பத்துத் தலையையும் எண்ணி முடிக்க முடியாது. ‘வீடணன் அண்ணனை விட்டுப் போன நேரம்’ என்று எடுங்கள். ஒரே ஒரு காட்சி போதும்.

படி 2: பாட்டு எண் இல்லாமல் எதையும் எழுதாதீர்கள்

நான் விழுந்த இடம் இதுதான், அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

காப்பிய வில்லன்களைப் பற்றி நம் தலையில் இருப்பதில் பாதி சினிமா, கால்வாசி தெருக்கூத்து, மிச்சம் பாட்டி சொன்னது. எல்லாமே நல்ல கதைதான். ஆனால் மேடையில் ‘கம்பன் சொல்கிறான்’ என்று ஆரம்பித்துவிட்டால் கம்பன் சொல்லியிருக்க வேண்டும். லட்சுமணன் கிழித்த கோட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அது வால்மீகியிலும் இல்லை, கம்பனிலும் இல்லை. கம்பனில் இராவணன் குடிசையை நிலத்தோடு பெயர்த்துக்கொண்டு போகிறான். கோட்டை விட இது எவ்வளவு பெரிய காட்சி!

மூலத்துக்கு இணையத்தில் மதுரைத் திட்டம் போதும், இலவசம். உரையோடு வேண்டுமென்றால் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் நூலகம். சிலம்புக்கு நான் ந.மு. வேங்கடசாமி நாட்டார் உரையைத்தான் பிடித்துக்கொள்வேன். ‘எளிய உரைநடையில்’ என்று அட்டை போட்டு வருகிற சுருக்கங்களை மேடைக்கு நம்பவே மாட்டேன். அவற்றில் எது காப்பியம், எது சுருக்கியவர் சேர்த்தது என்று கோடு இருக்காது.

நோட்டில் ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் படலமும் பாட்டு எண்ணும் எழுதுங்கள். எண் கிடைக்காவிட்டால் அந்த வரியை அடித்துவிடுங்கள். கைதட்டல் வாங்கும் வரியாக இருந்தாலும் அடியுங்கள்.

பயப்பட வேண்டாம். மூலத்துக்குப் போனால் இழப்பதைவிடக் கிடைப்பது அதிகம். கூனி ஏன் இராமன் மேல் கறுவினாள்? கம்பன் ஒரே பாட்டில் முடிக்கிறான்: ‘பண்டை நாள் இராகவன் பாணி வில் உமிழ் உண்டை உண்டதனைத் தன் உள்ளத்து உள்ளுவாள்’. சின்ன வயதில் இராமன் விளையாட்டாக அடித்த மண்ணுருண்டை. அடித்தவனுக்கு நினைவிருந்திருக்குமா தெரியாது. வாங்கியவள் அதை இத்தனை வருஷம் வைத்திருக்கிறாள். எந்தச் சினிமா வசனமும் இதற்குப் பக்கத்தில் வராது.

படி 3: பற்று, வரவு எழுதுங்கள்

இது என் சொந்தக் கண்டுபிடிப்பு, சரியாகச் சொன்னால் அப்பா கடையிலிருந்து திருடியது. பக்கத்தை நடுவில் கோடு போட்டுப் பிரியுங்கள். இடப்பக்கம், அந்த ஆள் யாரிடம் என்ன வாங்கியிருக்கிறான். வலப்பக்கம், என்ன திருப்பிக் கொடுத்தான்.

இடப்பக்கம் காலியாக இருந்தால் அவன் பகைவன். நிறைந்திருந்து வலப்பக்கம் கத்தி இருந்தால்தான் துரோகி. நம்மிடம் ஒரு சாமானும் வாங்காதவன் நமக்குப் பாக்கி வைக்க முடியாதல்லவா?

முதலில் சுலபமான ஆள். பெரியபுராணத்து முத்தநாதன். மெய்ப்பொருள் நாயனாரோடு போர் செய்து தோற்ற பகைவன், சிவனடியார் வேடத்தில் அரண்மனைக்கு வருகிறான். சேக்கிழார் அவனை வாசலிலேயே நமக்குக் காட்டிவிடுகிறார்:

மெய் எலாம் நீறு பூசி வேணிகள் முடித்துக் கட்டிக்
கையினில் படை கரந்த புத்தகக் கவளி ஏந்தி
மை பொதி விளக்கே என்ன மனத்தினுள் கறுப்பு வைத்துப்
பொய்த் தவ வேடம் கொண்டு புகுந்தனன் முத்தநாதன்

புத்தகக் கட்டுக்குள் ஆயுதம். இதற்குப் பக்கத்தில் 828ஆம் குறளை எழுதிப் பாருங்கள்: ‘தொழுதகை யுள்ளும் படையொடுங்கும்’. இரண்டிலும் ‘படை’, இரண்டிலும் ஒளிவு. மேடையில் இந்த இரண்டையும் அடுத்தடுத்து நிறுத்திச் சொன்னால் நீங்கள் விளக்கமே சொல்ல வேண்டாம்.

இப்போது கணக்கைப் பாருங்கள். நாயனாரிடம் அவன் முன்பு வாங்கியது தோல்வி மட்டும்தான். அப்படியானால் அவன் வெறும் பகைவன். ஆனால் உள்ளே வந்தபின் நாயனார் அவனை உயரத்தில் உட்கார வைத்து, தான் தரையில் உட்கார்ந்து வணங்குகிறார். அந்த நிமிடம் இடப்பக்கத்தில் ஒரு பதிவு விழுகிறது. பகைவனாக வாசல் தாண்டியவன், வணக்கம் வாங்கிய பிறகு துரோகியாகிறான். எந்த அணியில் இருந்தாலும் இவனைப் பயன்படுத்தலாம், எனக்குப் பிடித்ததே அதற்குத்தான்.

அடுத்தது பொற்கொல்லன். சிலம்பின் கொலைக்களக் காதையை நிதானமாகப் படியுங்கள். மதுரைத் தெருவில் நூறு கொல்லர் பின்னால் வர, கையில் குறடோடு அவன் வருகிறான். அரசிக்கு ஏற்ற சிலம்பு ஒன்றுக்கு விலை போட உன்னால் முடியுமா என்று கோவலன் கேட்கிறான். பதில்: ‘அடியேன் அறியேன் ஆயினும் வேந்தர் முடிமுதல் கலன்கள் சமைப்பேன் யான்’. எனக்கு அது தெரியாது, ஆனால் ராஜா கிரீடம் நான்தான் செய்வேன். பணிவும் பீற்றலும் ஒரே மூச்சில். அரசியின் சிலம்பை ஏற்கெனவே திருடி வைத்திருப்பவன் அவன். ‘கரந்து யான் கொண்ட கால் அணி’ வெளியே தெரிவதற்குள் இந்த ஊருக்குப் புதியவன் தலையில் கட்டிவிடலாம் என்று மனதுக்குள் முடிவு செய்கிறான். என் குடிசைப் பக்கம் இருங்கள், அரசனிடம் சொல்லிவிட்டு வருகிறேன் என்கிறான். கோவலன் போய் உட்காருகிறான்.

இவன் கோவலனிடம் வாங்கியது என்ன? சில நிமிடப் பழக்கம், நம்பிப் பிரித்துக் காட்டிய ஒரு நகை மூட்டை. பாண்டியனிடம் வாங்கியது? வேலை, பேர், பின்னால் வரும் நூறு பேர். கணக்குப்படி அவனுடைய பெரிய துரோகம் அரசனுக்குத்தான். கோவலன் வழியில் கிடைத்த ஆள். கொலை நடந்த இடத்தில் காவலர்களே தயங்குகிறார்கள், இவனைப் பார்த்தால் கொல்லத் தக்கவனாக இல்லையே என்று. அங்கேயும் நின்று, திருடர்களுக்கு மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம், தந்திரம், இடம், காலம், கருவி என்று எட்டு வழி உண்டு எனப் பாடம் எடுக்கிறான். திருட்டு நூலை அவ்வளவு நன்றாக ஒப்பிப்பவனைப் பார்த்து யாரும் சந்தேகப்படவில்லை.

அரசன் பக்கமும் ஒரு பதிவு போடுங்கள். ஊடல் கொண்ட தேவியைத் தேடிப் போகும் வழியில், அவை கூட்டாமல், ‘கொன்று அச்சிலம்பு கொணர்க’ என்கிறான். இளங்கோ அங்கே போடும் சொல் ‘தேரான் ஆகி’. பிறகு கண்ணகி அவையில் அவன் முன் நின்று விளிப்பது ‘தேரா மன்னா’. ஆசிரியர் சொன்ன குற்றச்சாட்டையே அவள் முகத்துக்கு நேரே சொல்கிறாள். நான் இதைக் கவனித்தது நாலாவது வாசிப்பில், கடையில் ஆளில்லாத ஒரு மத்தியானம்.

பின்குறிப்பு, படி 3க்கு: இதைப் படித்த ஒரு தம்பி எழுதியிருந்தார்: “அக்கா, நாங்க ஆசாரி குடும்பம். மேடையில இந்தக் கதை வந்தாலே தட்டான்னாலே இப்படித்தான்னு ஒருத்தர் சிரிப்பு காட்டுவார்.” நியாயம். அந்தக் கொல்லனுக்குக் காப்பியம் பெயர்கூட வைக்கவில்லை, அதனால்தான் பழி தொழில்மேல் ஏறிவிட்டது. நீர்ப்படைக் காதையைப் படியுங்கள்: வெற்றிவேற் செழியன் ஒரே பகலில் பொற்கொல்லர் ஈரைஞ்ஞூற்றுவரைப் பலியிட்டான் என்று வருகிறது. ஆயிரம் பேர். ஒருத்தன் செய்ததற்கு. அவர்கள் கணக்கை எந்த நோட்டில் எழுதுவது? இப்போது நான் ‘அந்த அரண்மனைக் கொல்லன்’ என்று மட்டும் சொல்கிறேன். நீங்களும் அப்படியே சொல்லுங்கள்.

படி 4: எதிரணி நோட்டையும் நீங்களே எழுதுங்கள்

வீடணனை வைத்துச் செய்து பார்ப்போம், ஏனென்றால் எல்லாப் பட்டிமன்றத்திலும் அவன் வந்து நிற்பான்.

குற்றம் சாட்டும் அணிக்குக் கும்பகருணன்தான் சாட்சி. தம்பி வந்து கூப்பிடும்போது அவன் சொல்வது: ‘நீர்க்கோல வாழ்வை நச்சி, நெடிது நாள் வளர்த்து, பின்னைப் போர்க்கோலம் செய்துவிட்டாற்கு உயிர் கொடாது அங்குப் போகேன்’. இடப்பக்கம் ‘வளர்த்து’, வலப்பக்கம் ‘உயிர்’. கம்பனே 555 எழுதியிருக்கிறான்! அதே அண்ணன் வளர்த்த இன்னொரு தம்பி என்ன கொடுத்தான் என்று கேட்டால் எதிரணி வாயடைக்கும்.

அடைக்காது. அவர்கள் திருப்பிச் சொல்வது: திரும்பத் திரும்ப நல்லது சொன்னான், கேட்டவன் ‘விழி எதிர் நிற்றியேல் விளிதி’ என்று விரட்டினான். கண்ணெதிரே நின்றால் சாவாய் என்றவன் கணக்கை முடித்துவிட்டான்.

இந்த இடத்தில் எனக்கு அப்பா ஞாபகம். எதிரே பெரிய பேரங்காடி திறந்தபோது எங்கள் வாடிக்கைக்காரர்கள் பாதிப் பேர் அங்கே போனார்கள். அம்மா திட்டினார். அப்பா நோட்டைப் புரட்டிக்கொண்டே சொன்னார்: “கடை மாறுனா மாறட்டும்டி. பாக்கி வச்சுட்டு மாறுனவன மட்டும் சொல்லு.”

வீடணன் பாக்கி வைத்தானா? போனதோடு நின்றிருந்தால் இல்லை என்பேன். நிகும்பலையில் இந்திரசித்து செய்த வேள்வியை அழிக்க வழி காட்டியது வேறு பதிவு. இந்திரசித்து சித்தப்பனைப் பார்த்துக் கேட்பதற்கு இன்றைக்கும் சுலபமான பதில் கிடையாது. மேடையில் நான் எந்தப் பக்கம் பேசினாலும் இந்த இடத்தில் ஒரு வினாடி நிறுத்துவேன்.

பின்குறிப்பு, படி 4க்கு: படிவம் 5 படிக்கும் மாணவி ஒருவர், மலாய்க் கதையின் ஹங் ஜெபாட்டைச் சேர்க்கலாமா என்று கேட்டார். தாராளமாக. நம் ஊர்ச் சபைக்கு அதைவிடப் பொருத்தமான ஆள் இல்லை. கோள்சொல்லை நம்பி மலாக்கா மன்னர் ஹங் துவாவைக் கொல்லச் சொல்கிறார், பெண்டஹாரா (முதன்மை அமைச்சர்) மறைத்து வைக்கிறார். நண்பன் செத்தான் என்று நம்பிய ஜெபாட் அரண்மனையைப் பிடிக்கிறான். திரும்பி வந்த துவாவே அவனைக் கொல்கிறான். ஜெபாட்டுக்கு இரண்டு இடப்பக்கம்: பதவி தந்த மன்னர், உயிர் நண்பன். ஒன்றை அடைக்க இன்னொன்றில் பாக்கி. ஆனால் படி 2ஐ மறக்காதே: இது ஹிக்காயாட் ஹங் துவாவில் உள்ளபடி. இன்னொரு பழைய மலாய் நூலான செஜாரா மெலாயுவில் கலகம் செய்பவன் ஹங் கஸ்தூரி.

படி 5: பேசுங்கள்

எட்டு நிமிடத்துக்கு மூன்று மேற்கோள், அதற்கு மேல் வேண்டாம். பாட்டை ஒருமுறை சந்தத்தோடு, ஒருமுறை பிரித்துச் சொல்லுங்கள். நடுவர் மணி அடித்தால் உட்கார்ந்துவிடுங்கள்.

கடைசியாக ஒன்று: இந்த வருஷத் திருவிழாவில் பேசி இறங்கியதும் அதே பெரியவர் வந்தார். கையை நீட்டினார். 555ஐக் கொடுத்தேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, ஒவ்வொரு எண்ணாக விரல் வைத்துப் பார்த்தார். “வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பார்த்துட்டுத் தரேம்மா” என்று சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

மூன்று மாதம் ஆகிறது, இன்னும் வரவில்லை. புது நோட்டு வாங்கி, முதல் பக்கத்தில் அவர் பெயரில் ஒரு பற்று எழுதி வைத்திருக்கிறேன்.