பயணப் படங்களைப் பகிரும்போது அவசரத்தில் செய்யும் தவறுகள்

பயணம் போகிறவர்கள் படமும் கதையுமாகப் பகிர்வதற்குக் காரணங்கள் உண்டு. கண்ட சந்தோஷத்தை வேண்டியவர்களோடு பங்கு போட்டுக்கொள்ளலாம், பின்னாளில் புரட்டிப் பார்க்கலாம், அடுத்துப் போகிறவருக்கு வழி காட்டலாம். எல்லாம் நல்ல காரணங்கள்தான். ஆனால் இவற்றில் எதற்குமே உடனடியாகப் பதிவிட வேண்டிய தேவை இல்லை. பெரும்பாலான தவறுகள் அந்த அவசரத்தில்தான் நடக்கின்றன.

விமான நிலையத்திலேயே தொடங்கிவிடுகிறது, போர்டிங் பாஸ் படம். அதிலுள்ள முன்பதிவு எண்ணும் குடும்பப் பெயரும் கிடைத்தால், பல விமான நிறுவனங்களின் தளங்களில் உங்கள் முன்பதிவுக்குள் யாரும் நுழைந்துவிடலாம். 2020-ல் ஆஸ்திரேலியாவின் முன்னாள் பிரதமர் டோனி அபாட் இன்ஸ்டாகிராமில் போட்ட போர்டிங் பாஸ் படத்தை வைத்தே ஒருவர் அவருடைய பாஸ்போர்ட் எண்ணையும் தொலைபேசி எண்ணையும் எடுத்துவிட்டார். நல்லவேளை, எடுத்தவரே அதை அதிகாரிகளிடம் தெரிவித்தார். எழுத்துகளை மட்டும் மறைத்தால் போதாது. பெயரும் முன்பதிவு எண்ணும் பார்கோடுக்குள்ளும் இருக்கின்றன.

வீடு பூட்டிக் கிடக்கிறது என்று ஊருக்கே சொல்வதும் இதே வகைதான். திரும்பி வந்தபின் போடுங்கள்.

அப்புறம் லொகேஷன். இதைப் பலர் யோசிப்பதே இல்லை. அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில் உள்ள ஜாக்சன் ஹோல் சுற்றுலா வாரியம், துல்லியமான இடத்தைக் குறிக்காதீர்கள் என்று 2018-ல் பயணிகளைக் கேட்டுக்கொண்டது. அங்கே டெல்டா ஏரி போன்ற, முறையாகப் பராமரிக்கப்படும் பாதைகூட இல்லாத இடங்களுக்குப் படம் பார்த்துக் கூட்டம் வரத் தொடங்கியிருந்தது. ஆட்கள் நடந்து நடந்து செடிகள் மிதிபட்டால் மண் அரித்துப் போகும். காண்டாமிருகம் போன்ற விலங்குகளின் படத்தில் இடம் தெரிந்தால் வேட்டைக்காரர்களுக்கு வழி சொன்னது போலாகும். மாவட்டத்தின் பெயரோ காட்டின் பெயரோ சொன்னால் போதும். கேமரா அமைப்பில் இருப்பிடத்தைப் பதியும் வசதியையும் நிறுத்திவையுங்கள். பதிவில் இடம் சொல்லாவிட்டாலும் படக் கோப்புக்குள் அது இருக்கக்கூடும்.

நம் அனுபவத்துக்கே ஆகும் சேதம்தான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. பகிர்வதற்கென்றே படம் எடுப்பவர்கள், தமக்காக எடுப்பவர்களைவிட அந்த அனுபவத்தைக் குறைவாக ரசிக்கிறார்கள் என்று 2018-ல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. பார்ப்பவர்கள் என்ன நினைப்பார்கள் என்ற கவலை குறுக்கே வந்துவிடுகிறதாம். எனவே உங்களுக்காக எடுங்கள். எதைப் பகிர்வது என்று ராத்திரி அறையில் உட்கார்ந்து முடிவு செய்யலாம். முகம் தெரியும் அந்நியர்களின் படங்களையும், முக்கியமாகக் குழந்தைகளின் படங்களையும், அப்போதே விலக்கிவிடலாம்.

அழகான படத்தோடு மட்டும் நிறுத்திவிட்டால் அடுத்துப் போகிறவருக்கு அதிலிருந்து ஒன்றும் கிடைக்காது. எந்த மாதம் போனீர்கள், எவ்வளவு நேரம் வரிசையில் நின்றீர்கள், எது மூடியிருந்தது, எங்கே ஏறச் சிரமப்பட்டீர்கள் என்று நான்கு வரி சேர்த்து எழுதுங்கள். வயதானவர்களைக் கூட்டிக்கொண்டு போகிறவர் தேடுவது அந்த நான்கு வரியைத்தான்.