ஸ்காண்டிநேவியச் சமையலறை: வெள்ளையடிக்கும் முன் டேப்பை எடுங்கள்

வெள்ளைச் சுவர், வெளிர் மரப் பலகை, ஜன்னலோரம் ஒரு பூந்தொட்டி. இந்தப் படத்தை மட்டும் பார்த்துச் செய்த சமையலறை ஆறு மாதம் அழகாக இருக்கும். அதற்குப் பிறகு மிக்ஸி, எண்ணெய்ப் பாட்டில், கழுவிய பாத்திரம் என்று மேடை முழுக்கச் சாமான் ஏறிவிடும். வடக்கு நாட்டுச் சமையலறைகளின் அமைதி அளவெடுத்து வந்தது. ஸ்வீடனில் 1944-இல் தொடங்கிய வீட்டுவேலை ஆய்வு நிறுவனம், பெண்கள் சமைக்கும்போது எவ்வளவு நடக்கிறார்கள், எவ்வளவு குனிகிறார்கள், எந்த உயரத்துக்குக் கை எட்டுகிறது என்று ஆராய்ந்தது. அலமாரிக்கும் மேடைக்கும் பொதுவான அளவுகள் அந்த வேலையிலிருந்தே பிறந்தன. ஆகவே கடைசியாக முடிவு செய்ய வேண்டியது நிறத்தை.

எடுத்துக்காட்டாக, ஸ்டாக்ஹோமிலோ ஆஸ்லோவிலோ 1950-களில் கட்டிய அடுக்குமாடி வீடு ஒன்றை வைத்துக்கொள்வோம். ஒரே சுவரில் 365 செ.மீ. நீளம் கிடைக்கிறது, எதிர்ச் சுவரோரம் சாப்பாட்டு மேசை.

எது பக்கத்தில் எது

சாமான் வரும் வழியே வேலையின் வழி: எடு, கழுவு, நறுக்கு, சமை, பரிமாறு. ஒரு முனையிலிருந்து இப்படி அடுக்கலாம்: ஃபிரிட்ஜ் 60, இழுப்பறை 40, சிங்க் 60, டிஷ்வாஷர் 60, இழுப்பறை 40, அடுப்பு 60, இழுப்பறை 40. கூட்டினால் 360. மிச்சமுள்ள 5 செ.மீ.யை இரு முனைகளிலும் அடைப்புப் பட்டைக்கு விட்டுவிடுங்கள். பழைய வீட்டுச் சுவர் எதுவும் நேராக நிற்காது. தரையில் அளந்தால் 365, இடுப்பு உயரத்தில் 363 என்று வரும். மூன்று உயரங்களில் அளந்து, குறைந்த எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். இடைவெளியே விடாமல் அலமாரியைச் சுவரோடு ஒட்டினால், கடைசி இழுப்பறை கதவு நிலையில் இடித்துக்கொண்டு பாதியோடு நிற்கும்.

இந்த அடுக்கில் சிங்குக்கும் அடுப்புக்கும் நடுவே 100 செ.மீ. மேடை கிடைக்கிறது. முக்கால்வாசி வேலை நடப்பது அங்கேதான். அதை 80-க்குக் கீழே குறைக்காதீர்கள். இடம் போதவில்லையென்றால் ஃபிரிட்ஜை எதிர்ச் சுவருக்கு மாற்றுங்கள், நறுக்கும் இடத்தில் கை வைக்காதீர்கள். அடுப்பைச் சுவரோடு ஒட்டி வைத்தால் வாணலியின் கைப்பிடி சுவரில் முட்டும், சுவரும் எண்ணெயாகும். அந்தப் பக்கம் 40 செ.மீ. விட்டது அதற்குத்தான். மேடைக்கு முன்னால் 120 செ.மீ. இருந்தால் ஒருவர் இழுப்பறையைத் திறந்து நிற்கும்போது இன்னொருவர் பின்னால் கடந்துபோக முடியும்.

கீழே கதவு வைத்த அலமாரியைக் கூடியவரை தவிர்த்து இழுப்பறையே வையுங்கள். கதவு அலமாரியின் பின்பாதி, மறந்துபோன டப்பாக்களின் இருப்பிடம். 80 செ.மீ. உயரத்தை 20, 20, 40 என்று பிரித்தால் கரண்டிகள் மேலே, தட்டுகள் நடுவில், பானைகள் அடியில். முழுதாக வெளியே வரும் தண்டவாளம் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். முக்கால் தூரமே வரும் வகை விலை குறைவு. ஆனால் பின்னாலிருக்கும் கால்பங்கு இடம் உங்களுடையதாக இருக்காது.

உயரம்

அலமாரிப் பெட்டி 80, கால் 8, பலகை 3 என்று சேர்ந்து மேடை 91 செ.மீ. வரும். நின்றபடி முழங்கையை மடக்கி, தரையிலிருந்து முழங்கை வரை அளந்து, அதில் 10 முதல் 15 செ.மீ. கழித்தால் உங்களுக்கு ஏற்ற உயரம் கிடைக்கும். 155 செ.மீ. உயரமுள்ளவருக்கு 91 அதிகம். தோள் தூக்கியபடி நறுக்க வேண்டியிருக்கும், மாலையில் கழுத்து வலிக்கும். அவருக்கு மேடையையே தாழ்த்தத் தேவையில்லை. ஸ்வீடனின் பழைய வீடுகளில் பலகைக்குக் கீழிருந்து வெளியே இழுக்கும் நறுக்குப் பலகை ஒன்று இருக்கும். அது மேடையைவிடச் சில செ.மீ. தாழ்வு. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தே காய் நறுக்கலாம், மாவு பிசையலாம். இன்றைய பட்டியல்களில் இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். தச்சரிடம் சொல்லியாவது வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் அலமாரியைத் தரையின் மிக உயர்ந்த இடத்தில் நிறுத்தி, ரசமட்டம் வைத்துச் சரிபார்த்து, மற்றவற்றின் கால்களை அதற்கு ஏற்றபடி திருகி உயர்த்துங்கள். தாழ்ந்த இடத்திலிருந்து தொடங்கினால் மேட்டுக்கு வரும்போது இறக்க வழியிருக்காது.

கண்ணுக்குத் தெரியாத இரண்டு வேலைகள்

சிங்க், டிஷ்வாஷர், ஃபிரிட்ஜ் மூன்றுக்கும் அடியில் தண்ணீர் இறங்காத விரிப்பு போடுவது ஸ்வீடனில் வழக்கம். அதன் பின்புறமும் பக்கங்களும் மேல்நோக்கி மடங்கியிருக்க வேண்டும், முன்புறம் திறந்திருக்க வேண்டும். கசிவு உடனே முன்னால் வந்து கண்ணில் படுவதற்காக இந்த ஏற்பாடு. இல்லாவிட்டால் ஒரு சொட்டுக் கசிவு மாதக்கணக்கில் மரத்தரைக்குள் இறங்கி, கீழ்வீட்டுக்காரர் கதவைத் தட்டும்போதுதான் தெரியவரும்.

இரண்டாவது, அடுப்புக் காவலன். அடுப்புக்கு மேலே பொருத்தும் உணரி, சூடு எல்லை மீறினால் ஒலி எழுப்பி மின்சாரத்தைத் துண்டிக்கும். நார்வேயில் புதிய மின் அமைப்புகளுக்கு 2010 முதல் இது கட்டாயம். நன்றாகக் காய்ந்த எண்ணெயில் கடுகு போடுகிற வீட்டில் இது அடிக்கடி அலறலாம். உணர்திறனைக் கூட்டிக் குறைக்கும் வசதி உள்ளதை வாங்குங்கள், கழற்றி மட்டும் வைக்காதீர்கள்.

பின்லாந்திடமிருந்து ஒன்று

மேடை காலியாக இருக்க ஒரே ஒரு பொருள் போதும் என்றால் அது பாத்திரம் உலர்த்தும் அலமாரி. பின்லாந்தில் மையு கெபார்ட் 1944–45 காலகட்டத்தில் உருவாக்கிய வடிவம் இன்றும் அந்நாட்டு வீடுகளில் சாதாரணமாகக் காணப்படுவது. சிங்குக்கு நேர் மேலே கதவுள்ள அலமாரி; உள்ளே கம்பித் தட்டுகள்; அடித்தட்டு கிடையாது. கழுவிய தட்டைச் செங்குத்தாகச் செருகிக் கதவை மூடினால் வேலை முடிந்தது. நீர் சிங்கிலேயே சொட்டும், துடைத்து வேறிடத்தில் அடுக்கும் வேலை மிச்சம்.

செய்யச் சொல்லும்போது இரண்டைக் கவனியுங்கள். அலமாரிப் பலகையின் கீழ் விளிம்பு நான்கு பக்கமும் ஒட்டுப்பட்டையால் மூடியிருக்க வேண்டும். வெட்டிய விளிம்பு வெறுமையாக இருந்தால் மரத்தூள் பலகை ஈரத்தைக் குடித்து ஊதிவிடும். மேற்பகுதியில் காற்றுப் போக வழி வேண்டும், இல்லையென்றால் தட்டு காயாமல் புழுங்கும்.

மர மேடை

ஓக் மேடை இந்த அறையின் உயிர், தொல்லையும் அதுதான். குளிர்காலத்தில் ஹீட்டர் ஓடும்போது வீட்டுக்குள் காற்றின் ஈரப்பதம் 20–30 சதவீதத்துக்கு இறங்கும், கோடையில் இரண்டு மடங்காகும். அதற்கேற்ப மரம் அகலவாக்கில் சில மில்லிமீட்டர் சுருங்கி விரியும். அலமாரியோடு இறுக்கித் திருகிவிட்டால் ஜனவரியில் பலகை நடுவில் வெடிக்கும். திருகுத் துளையைப் பலகையின் அகலவாக்கில் நீள்துளையாகத் துளைத்து, திருகு நகர இடம் விடுங்கள்.

எண்ணெய் பூசும்போது அடிப்பக்கத்தையும் சேர்த்துப் பூசுங்கள். மேலே மட்டும் பூசினால் இரு பக்கமும் வெவ்வேறு வேகத்தில் ஈரம் இழுத்துப் பலகை வில்லாக வளையும். சிங்குக்கு வெட்டிய ஓரம்தான் அதிகம் குடிக்கும். இனிக் குடிக்காது என்னும்வரை அங்கே பூசிக்கொண்டே இருங்கள். முறை எளிது: 120, பிறகு 180 எண் உப்புத்தாளால் இழை போகும் திசையில் தேய்த்து, தூசி துடைத்து, எண்ணெய் தடவி, கால்மணி நேரம் ஊறவிட்டு, மிச்சத்தை ஒட்ட ஒட்டத் துடையுங்கள். துடைக்காமல் விட்ட எண்ணெய் காயாது, பிசுபிசுக்கும். மறுநாளும் அதற்கடுத்த நாளும் திரும்பச் செய்யுங்கள். ஆளி விதை எண்ணெய் என்றால், துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். தண்ணீரில் முக்கி வைத்து அகற்றுங்கள். டிஷ்வாஷருக்கு மேல்வரும் பகுதியின் அடியில் ஆவி தடுக்கும் படலத்தை ஒட்டுவதும் அவசியம்.

ஈரமான இரும்பு வாணலியை ஓக் பலகையில் இரவு முழுக்க வைத்தால் காலையில் கறுப்பு வளையம் இருக்கும். ஓக்கில் இயல்பாகவே உள்ள டானின் என்ற பொருள் இரும்போடு சேர்ந்து உண்டாக்குவது அது. சோப்புக்கு அசையாது, ஆக்சாலிக் அமிலக் கரைசல்தான் எடுக்கும்.

டென்மார்க்கில் மரத்துக்குச் சோப்பு பூசும் பழக்கம் உண்டு. சோப்புச் செதிலை வெந்நீரில் கரைத்துத் துணியால் தேய்ப்பார்கள். மரம் மஞ்சளிக்காமல் வெளிறியே இருக்கும், தொட்டால் பட்டுப்போல இருக்கும். சாப்பாட்டு மேசைக்கும் அலமாரித் தட்டுக்கும் அருமை. சிங்கைச் சுற்றி மட்டும் வேண்டாம், நீரைத் தாங்காது.

இனி நிறமும் விளக்கும்

டிசம்பர் 21-இல் ஸ்டாக்ஹோமுக்குப் பகல் வெளிச்சம் ஆறு மணி நேரம்தான். வெள்ளைச் சுவர் நாகரிகத்துக்காக வந்ததல்ல, உள்ளே வரும் கொஞ்ச வெளிச்சத்தை வீணாக்காமல் இருக்க வந்தது. தூய வெள்ளை அந்த வடக்கு வெளிச்சத்தில் நீலம் பாரித்து, மருத்துவமனைபோல ஆகிவிடும். ஸ்வீடனின் என்.சி.எஸ். நிற அட்டையில் எஸ் 0502-ஒய் என்பதைக் கேளுங்கள்: 5 பங்கு கருமை, 2 பங்கு மஞ்சள் சாயல். சுவரில் துளிக்கூடப் பளபளப்பில்லாத பெயின்ட் கறை துடைக்கத் தாங்காது. முழுப் பளபளப்போ சுவரின் மேடுபள்ளத்தைக் காட்டிக்கொடுக்கும். நடுத்தரமே சரி.

கூரையில் மட்டும் விளக்கு வைத்தால் நறுக்கும் பலகையில் உங்கள் தலையின் நிழலே விழும். மேல் அலமாரியின் அடியில், பின்சுவரோரம் அல்ல, முன் விளிம்பையொட்டி விளக்குப் பட்டை பொருத்துங்கள். மேசைக்கு மேல் ஒரு தொங்கு விளக்கு, 2700 கெல்வின், அதாவது மஞ்சள் சாயலுள்ள இதமான வெளிச்சம். விளக்கின் கீழ் விளிம்பு மேசையிலிருந்து 60 செ.மீ. உயரத்தில் இருக்கட்டும். பவுல் ஹென்னிங்சென் 1958-இல் வடிவமைத்த பி.எச். 5 விளக்கில் பல்பு எந்தப் பக்கமிருந்தும் கண்ணில் படாது. வாங்குவது வேறாக இருந்தாலும் இந்தக் குணம் இருக்கிறதா என்று உட்கார்ந்து பாருங்கள்.

திறந்த தட்டு ஆசை எல்லோருக்கும் வரும். ஒன்றே ஒன்று போதும், 20 செ.மீ. ஆழத்தில், அடுப்புக்குத் தள்ளி, தினமும் எடுக்கும் கோப்பைகளுக்கு மட்டும்.

தாளிக்கிற வீடாக இருந்தால்

ஆஸ்லோ, ஸ்டாக்ஹோம் தமிழ் வீடுகளில் கடைசியாகச் சிக்கல் தருவது சிம்னிதான். பல அடுக்குமாடிகளில் கட்டடத்துக்கே பொதுவான காற்றுப்போக்கி இருக்கும். மோட்டார் சிம்னியை அதில் இணைக்க அனுமதி இருக்காது, இணைத்தால் உங்கள் வீட்டு வாசனை அடுத்த வீட்டுக்குப் போகும். வாங்குவதற்கு முன் வீட்டுச் சங்கத்தின் விதியைப் படியுங்கள். கரி வடிகட்டியோடு காற்றை உள்ளேயே சுற்றவிடும் சிம்னிதான் வழியென்றால், வாரம் ஒருமுறை எண்ணெய் வலையைக் கழுவுங்கள். கரியைச் சில மாதங்களுக்கு ஒருமுறை மாற்றுங்கள். அடுப்புக்குப் பின்னால் சுவர் ஓடுகளின் இடைச்சாந்து வெள்ளையாக வேண்டாம், வெளிர் சாம்பல் போடுங்கள்.

மஞ்சள் தூளுக்கு ஓக்கும் லேமினேட்டும் ஒன்றுதான். கறை பட்டதும் சோப்பால் துடைத்துவிட்டு மிச்சத்தை வெயிலிடம் விட்டுவிடுங்கள். நேர் வெயில் பட்டால் மஞ்சள் தானே மங்கும். நவம்பரில் பட்ட கறைக்கு மார்ச் வரை பொறுக்க வேண்டியிருக்கும்.