பாய்மரப் படகில் ஒரு வாரமா? பெட்டியை வீட்டிலேயே விடுங்க

ஒகேனக்கல் பரிசலில் தலை சுற்றாதவர்களையும் மாலத்தீவுக் கடல் அசைத்துப் பார்க்கும். பாய்மரப் படகில் முன்பக்க கேபின்தான் அதிகம் தூக்கிப் போடும். பதிவு செய்யும்போதே நடு அல்லது பின்பக்கம் கேளுங்க. குமட்டல் மாத்திரையை டாக்டரிடம் கேட்டு, கிளம்ப ஒரு மணி நேரம் முன்பே போடணும். வாந்தி தொடங்கிய பிறகு போட்டால் மாத்திரையும் சேர்ந்து வெளியே வரும். கேபினுக்குள் செல்போனை நோண்டாமல் மேல்தளத்தில் அடிவானத்தைப் பாருங்க.

சக்கரப் பெட்டி வைக்க இடமிருக்காது. மடித்துச் செருகும் துணிப்பைதான் சரி. டாய்லெட்டில் டிஷ்யூ பேப்பர் போட்டால் பம்ப் அடைக்கும், குப்பைக்கூடைதான் வழி. மாலுமியும் சமையல்காரரும் வாடகையில் அடங்கினாலும் டீசல், சாப்பாடு தனியா என்று எழுத்தில் வாங்குங்க. சைவமா? முன்பே சொல்லிடுங்க, நடுக்கடலில் கத்திரிக்காய் கிடைக்காது. டிசம்பர் முதல் ஏப்ரல் வரை வானம் தெளிவு. தர்மபுரி, கிருஷ்ணகிரியிலிருந்து பெங்களூரு விமானம்தான் வசதி. ஓசூர் நெரிசலுக்குத் தனியாக நேரம் ஒதுக்குங்க.