உறைந்துபோன லினக்ஸ் போர்டு தானே எழ: வாட்ச்டாக் டைமர்

ஆளில்லாத இடத்தில் ஓடும், ராஸ்பெர்ரி பை போன்ற சிறு கணினிப் போர்டு உறைந்தால் யாராவது நேரில் போய் பவரை அணைத்துப் போட வேண்டும். அந்த அலைச்சலைத் தவிர்க்கத்தான் வாட்ச்டாக் டைமர். பெரும்பாலும் சிப்புக்குள்ளேயே இருக்கும் கவுண்டர் அது. குறித்த நேரத்துக்குள் மென்பொருள் அதைத் தட்டாவிட்டால் சிப்பை ரீசெட் செய்துவிடும்.

முதலில், டெவ் கோப்புறையில் வாட்ச்டாக் என்ற கோப்பு இருக்கிறதா பாருங்கள். இருந்தால் டைமரை இயக்கும் மென்பொருளான டிரைவர் ஏறியிருக்கிறது. அதைச் சும்மா கேட் கட்டளையால் திறந்து பார்க்காதீர்கள். திறந்த நொடியே டைமர் ஓடத் தொடங்கும். பல டிரைவர்களில், 'வி' என்ற பெரிய எழுத்தை எழுதாமல் மூடினால் அது நிற்காது, போர்டு ரீபூட் ஆகிவிடும்.

அடுத்து, ஈடிசியில் சிஸ்டம்டி (லினக்ஸில் மற்ற நிரல்களைத் தொடங்கிக் கவனிக்கும் மென்பொருள்) கோப்புறைக்குள் உள்ள சிஸ்டம் டாட் கான்ஃப் கோப்பில் ரன்டைம் வாட்ச்டாக் செக் என்பதற்கு 10 என்று கொடுத்து ரீபூட் செய்யுங்கள். (ஆங்கிலத்தில், இடைவெளியின்றி, ஒவ்வொரு சொல்லின் முதலெழுத்தும் பெரிதாக.) ராஸ்பெர்ரி பையின் டைமர் சுமார் 15 நொடிதான் தாங்கும், அதனால் 10 பாதுகாப்பு. சிஸ்டம்டி பாதி நேரத்துக்கு ஒருமுறை, அதாவது 5 நொடிக்கு ஒருமுறை, தட்டிக்கொண்டே இருக்கும்.

சரி, சோதிப்போம். லினக்ஸின் மையப் பகுதியான கர்னலின் பேனிக் அமைப்பு (கர்னல் விழுந்தால் எத்தனை நொடியில் அதுவே ரீபூட் செய்வது என்பது) 0 என்று இருக்கட்டும். இல்லையென்றால் கர்னலே ரீபூட் செய்து உங்களை ஏமாற்றிவிடும். சிங்க் கட்டளை (நினைவகத்தில் காத்திருக்கும் தரவை வட்டில் எழுதுவது) கொடுத்துவிட்டு, ரூட்டாக, ப்ராக்கில் உள்ள சிஸ்ஆர்கியூ ட்ரிகர் கோப்பில் சின்ன 'சி' எழுதுங்கள். கர்னல் விழும், டெர்மினல் அப்படியே நிற்கும். 10 நொடிக்குள் போர்டு ரீசெட் ஆகி, மீண்டும் எழத் தொடங்க வேண்டும்.

இத்தோடு பலர் நிறுத்திவிடுகிறார்கள். ஆனால் இதுவரை காவல் கர்னலுக்கும் சிஸ்டம்டிக்கும் மட்டுமே. உங்கள் நிரல் சீரியல் போர்ட்டில் பதிலுக்குக் காத்து மாட்டிக்கொண்டால் யாருக்கும் தெரியாது. அதனால், உங்கள் நிரலை எப்படி ஓட்டுவது என்று சிஸ்டம்டிக்குச் சொல்லும் சர்வீஸ் கோப்பில் வாட்ச்டாக் செக் 30, ரீஸ்டார்ட் ஆன் ஃபெயிலியர் என்று வைத்து, நிரலிலிருந்து எஸ்டி நோட்டிஃபை (சிஸ்டம்டிக்குச் செய்தி அனுப்பும் வசதி) மூலம் "வாட்ச்டாக்=1" அனுப்புங்கள். எங்கிருந்து அனுப்புகிறீர்கள் என்பதுதான் முக்கியம். நான் முதலில் தனி த்ரெட்டில் (நிரலுக்குள் இணையாக ஓடும் இழை) வைத்தேன். சென்சார் படிக்கும் லூப் செத்துக் கிடந்தது, த்ரெட் மட்டும் ஒழுங்காகத் தட்டிக்கொண்டிருந்தது. படித்து, எழுதி முடித்த பிறகு, அதே லூப்பின் கடைசி வரியில் வையுங்கள்.

சர்வீஸ் திரும்பத் திரும்ப விழுந்தால் போர்டையே ரீபூட் செய்ய, அதே சர்வீஸ் கோப்பின் யூனிட் பகுதியில் ஸ்டார்ட் லிமிட் ஆக்‌ஷன் ரீபூட் என்று கொடுங்கள். இயல்பான வரம்பு 10 நொடியில் 5 முறை. 30 நொடி இடைவெளியில் விழும் சர்வீஸ் அதை எட்டவே எட்டாது. அதனால் ஸ்டார்ட் லிமிட் இன்டர்வல் செக் 300 என்று கூட்டிவிடுங்கள்.