ஹாஸ்டல் ஸ்கூல்ல பிள்ளைய சேர்க்கும்போது ஃபீஸ் விஷயத்துல நாம பண்ற தப்புகள்

போன மாசம் மச்சான் போன் பண்ணாரு. "மாப்ள, நம்ம பையன ஆறாவதுலயே ராசிபுரம் பக்கம் ஒரு ஹாஸ்டல் ஸ்கூல்ல போட்டுடலாம்னு இருக்கோம், வருஷத்துக்கு ரெண்டு லட்சம்தானாம்"னாரு. அந்த "தானாம்" இருக்கு பாருங்க, எல்லா வம்பும் அங்கதான் ஆரம்பிக்குது. எங்க பொண்ண ரெண்டு வருஷம் ஹாஸ்டல்ல வச்சு படிக்க வச்சவன் நான், அதனால அவர்கிட்ட ஒரு மணி நேரம் பேசுனத அப்படியே இங்க எழுதுறேன்.

முதல் தப்பு, முதல் வருஷ ஃபீஸ ஏழால பெருக்குறது. மச்சான் மனக்கணக்கு 14 லட்சம். ஆனா எந்த ஸ்கூலும் ஏழு வருஷம் ஒரே ஃபீஸ் வாங்காது, அரிசி பருப்பு கேஸ் விலை ஏறும், வார்டன் சம்பளம் ஏறும், சமையல்காரர் சம்பளம் ஏறும், எல்லாம் நம்ம தலையிலதான் வந்து விழும். வருஷத்துக்கு 10 பர்சென்ட் ஏத்துறாங்கன்னு ஒரு பேச்சுக்கு வச்சுக்கிட்டா, பையன் பன்னண்டாவது வரும்போது அந்த ரெண்டு லட்சம் மூணரை லட்சத்தத் தாண்டியிருக்கும், ஏழு வருஷ மொத்தம் 19 லட்சத்துக்கிட்ட நிக்கும். அஞ்சு லட்சம் எங்க இருந்து வரும்னு கேட்டேன், போன்ல கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. நான் வச்ச 10 பர்சென்ட் ஒரு கணக்குக்குத்தான், உங்க ஸ்கூல் எவ்ளோ ஏத்துதுன்னு தெரியணும்னா ஆபீஸ்ல கேக்காதீங்க, அங்க ஏற்கனவே பிள்ளைய வச்சிருக்குற ரெண்டு பேரண்ட்ஸ்கிட்ட கடைசி மூணு வருஷ ரசீத காட்டச் சொல்லுங்க. விசிட்டிங் ஞாயித்துக்கிழமை ஸ்கூல் கேட் பக்கத்துல நின்னா போதும், புளியமரத்தடியில தூக்குச்சட்டியோட உக்காந்திருக்குற எந்தக் குடும்பமும் நீங்க கேக்காமலே எல்லாம் சொல்லிடும்.

அடுத்தது, எந்த எண்ண நம்புறதுன்னு தெரியாம இருக்குறது. தமிழ்நாட்டுல தனியார் ஸ்கூல் ஃபீஸுக்கு 2009-லயே சட்டம் வந்தாச்சு, ரிட்டயர்ட் ஹைகோர்ட் ஜட்ஜ் தலைமையில ஒரு கமிட்டி ஒவ்வொரு ஸ்கூலுக்கும் மூணு வருஷத்துக்கு இவ்ளோதான்னு ஃபிக்ஸ் பண்ணி ஆர்டர் போடும். நம்மாளுங்க பாதி பேர் அந்த ஆர்டர கண்ணால பாத்ததே கிடையாது. அத கேட்டு வாங்கி, ஸ்கூல் சொல்ற மொத்தத் தொகைய பக்கத்துல வச்சுப் பாருங்க. நடுவுல ஒரு பெரிய இடைவெளி இருக்கும், அந்த இடைவெளிக்கு ஹாஸ்டல், மெஸ், மெயின்டனன்ஸ், ஸ்மார்ட் கிளாஸ், ஸ்பெஷல் கோச்சிங்னு பல பேரு. நீங்க உக்காந்து பேச வேண்டியது அந்த இடைவெளியப் பத்திதான். கமிட்டி ஃபிக்ஸ் பண்ணத விட ட்யூஷன் ஃபீஸ் அதிகமா வாங்குனா அந்தக் கமிட்டிகிட்டயே புகார் பண்ணலாம், ஆனா அதுக்கு ரசீது வேணும். துண்டுச்சீட்டுல எழுதிக் குடுத்து "இத கேஷா கட்டிடுங்க சார்"னு சொன்னா சிரிச்சுக்கிட்டே கட்டிட்டு வர்றோமே, அதான் நாம பண்றதுலயே பெரிய தப்பு. அந்தப் பணம் நீங்க கட்டுனதுக்கு ஒரு ஆதாரமும் இல்ல.

சில்லறைச் செலவ யாரும் கணக்குல சேக்குறதே இல்ல. எங்க பொண்ணு விஷயத்துல நான் கோட்டை விட்டது இங்கதான், யாரும் ஏமாத்துனாங்கன்னு சொல்ல மாட்டேன், கேக்க வேண்டியத கேக்காம விட்டது நான்தான். டிரங்க் பெட்டி, மெத்தை, பெட்ஷீட், வாளி, மூணு செட் யூனிஃபார்ம், ஸ்போர்ட்ஸ் டிரெஸ், ரெண்டு ஜோடி ஷூ, புத்தகம் நோட்டு, லாண்ட்ரி, டாக்டர் செலவு, டூர், ஆனுவல் டே டிரெஸ்ஸு, அப்புறம் ஆபீஸ்ல நம்ம பேர்ல டெபாசிட் பண்ணி வைக்கிற பாக்கெட் மணி, அது தீந்ததும் "உங்க வார்ட் (அதாவது உங்க பிள்ளை) அக்கவுன்ட் மைனஸ்ல இருக்கு"ன்னு மெசேஜ் வரும். ஊட்டி, கொடைக்கானல், ஏற்காடுன்னு மலை மேல சேத்தீங்கன்னா ஸ்வெட்டர் பிளேசர்னு அது ஒரு தனி பட்ஜெட். நம்ம பக்கச் செலவும் இருக்கு, மாசம் ஒரு தடவ பாக்கப் போறதுக்கு கார் வாடகை, ஓட்டல் சாப்பாடு, பிள்ளை மட்டுமா, அதோட ரூம்மேட் நாலு பேருக்கும் சேத்து வாங்கிட்டுப் போற ஸ்நாக்ஸ். ஒரு வருஷம் எழுதி வச்சுப் பாத்தேன், பொண்டாட்டிகிட்ட காட்டல.

இப்ப கோச்சிங்குக்கு வர்றேன், செலவு எகிறுறதுக்கு முக்கியக் காரணமே இதுதான். 2007-ல இருந்து 2016 வரைக்கும் நம்ம ஊர்ல என்ட்ரன்ஸே கிடையாது, ப்ளஸ் டூ மார்க் வச்சுத்தான் மெடிக்கல் சீட்டு, அதனால நாமக்கல் ராசிபுரம் பக்கம் பிராய்லர் கோழி மாதிரி அடைச்சு வச்சு மார்க் வாங்க வைக்கிற ஸ்கூலெல்லாம் ஓஹோன்னு ஓடுச்சு. 2017-ல நீட் வந்துச்சு, மார்க் மட்டும் போதாதுன்னு ஆகிப்போச்சு. அப்புறம் அதே ஹாஸ்டல்ல, அதே பிள்ளைங்களுக்கு, ஸ்கூல் ஃபீஸுக்கு மேல கோச்சிங் ஃபீஸ்னு இன்னொரு மாடி கட்டிட்டாங்க. இங்க கேக்க வேண்டிய கேள்வி, அந்த கோச்சிங் பில்லு யார் பேர்ல வருதுன்னு. ஸ்கூல் படிப்புக்கு ஜிஎஸ்டி கிடையாது, கோச்சிங் சென்டருக்கு 18 பர்சென்ட் உண்டு, ஒரு லட்சத்துக்கு 18,000. சொன்ன ரேட்டுல அது சேத்தியா தனியான்னு முதல்லயே கேட்டுக்கோங்க. எட்டாவது படிக்கிற பிள்ளைக்கு நீட் ஃபவுண்டேஷன்னு கேட்டா வேணாம்னு சொல்ற உரிமை உங்களுக்கு இருக்கான்னும் கேளுங்க, சில இடத்துல கட்டாயம்னுவாங்க, அப்ப அத கோச்சிங் ஃபீஸ்னு நினைக்காம ஸ்கூல் ஃபீஸாவே நினைச்சு முடிவு பண்ணுங்க.

இன்னொரு தப்பு இருக்கு, இது ரூபா கணக்குல தெரியாது. கவர்மென்ட் ஸ்கூல்ல நல்லா படிச்சிட்டிருக்குற பிள்ளைய, பத்தாவது மார்க் வந்ததும் பெருமையில தூக்கிட்டுப் போய் ப்ளஸ் ஒன்னுக்கு ஹாஸ்டல் ஸ்கூல்ல போடுறது. ஆறாவதுல இருந்து பன்னண்டாவது வரைக்கும் கவர்மென்ட் ஸ்கூல்ல படிச்சா மெடிக்கல்ல 7.5 பர்சென்ட் உள் ஒதுக்கீடு இருக்கு, 2020-ல வந்தது, அடுத்த வருஷம் இன்ஜினியரிங்குக்கும் வந்துடுச்சு, அதுல சீட்டு கெடச்சா ஃபீஸையும் அரசாங்கமே கட்டுது. நீங்க லட்சக்கணக்குல செலவு பண்ணி அந்த வாய்ப்ப நீங்களே அழிக்கிறீங்க. தங்கிப் படிக்கணும்னா அரசு மாதிரிப் பள்ளின்னு இருக்கு, சாப்பாடு தங்குற இடம் எல்லாம் இலவசம், விசாரிங்க. ஆறாவது, ஒம்பதாவதுல சேர்க்குற வயசா இருந்தா உடுமலை பக்கம் அமராவதிநகர்ல இருக்குற சைனிக் ஸ்கூலுக்கு, அதாவது ராணுவத்துல சேர தயார் பண்ற ஹாஸ்டல் ஸ்கூலுக்கு, என்ட்ரன்ஸ் எழுத வைக்கலாம்.

பணம் கட்டுற விதத்துலயும் மாட்டிக்கிறோம். "வட்டியில்லா ஈஎம்ஐ"ன்னு கவுன்ட்டர் பக்கத்துலயே ஒரு பையன் டேப்லெட் வச்சுக்கிட்டு உக்காந்திருப்பான். அது ஸ்கூல் தர்ற தவணை இல்ல, லோன் கம்பெனி மொத்த வருஷப் பணத்த ஸ்கூலுக்கு கட்டிடும், நீங்க கம்பெனிக்குக் கடன்காரன். பிள்ளை ரெண்டு மாசத்துல அழுதுட்டு வீட்டுக்கு வந்துட்டாலும் ஈஎம்ஐ நிக்காது, கட்டலன்னா சிபில் ஸ்கோர் போச்சு, அதாவது நாளைக்கு வேற கடன் கேட்டா பேங்க் பாக்குற மார்க் போச்சு. பிராசசிங் ஃபீஸ் எவ்ளோ, மொத்தமா கட்டுனா ஸ்கூல் எவ்ளோ தள்ளுபடி தருது, இந்த ரெண்டையும் கூட்டுங்க, அதான் உங்க வட்டி. அதே மாதிரி ரெண்டு மூணு வருஷ ஃபீஸ இப்பவே கட்டுனா ரேட் ஏறாதுன்னு ஆஃபர் குடுப்பாங்க, மயங்காதீங்க. எங்க தெருப் பையன் ஒருத்தன், காலாண்டு லீவுக்கு வந்தவன் திரும்பப் போக மாட்டேன்னு கட்டில் கால புடிச்சுக்கிட்டான், கட்டுன வருஷ ஃபீஸ்ல ஒரு ரூபா திரும்பி வரல, ஏன்னா அவங்கப்பா கையெழுத்துப் போட்ட ஃபாரத்துலயே அப்படித்தான் இருந்துச்சு, அவர் படிக்கல. ரீஃபண்ட் ரூல் எழுத்துல இல்லாத இடத்துல ஒரு டெர்முக்கு மேல கட்டாதீங்க.

டாக்ஸ் மிச்சமாகும்னு சொல்றதும் பாதி உண்மைதான். பழைய டாக்ஸ் முறையில இருக்குறவங்களுக்கு மட்டும், ட்யூஷன் ஃபீஸ் மட்டும், அதுவும் எல்ஐசி பிஎஃப் எல்லாத்தோடயும் சேத்து ஒன்றரை லட்சத்துக்குள்ள. ஹாஸ்டல் மெஸ் டொனேஷன் எதுவும் அதுல வராது.

கடைசியா, வேற ஸ்கூலுக்கு மாத்தலாம்னு போனா பாக்கி கட்டுனாத்தான் டிசி, அதாவது மாற்றுச் சான்றிதழ் தருவோம்னு மிரட்டுவாங்க, பயந்து கடன் வாங்கிக் கட்டுறவங்க நெறைய. 2024-ல மெட்ராஸ் ஹைகோர்ட் தெளிவா சொல்லிடுச்சு, டிசிய ஃபீஸ் வசூல் பண்ற கருவியா வச்சுக்கக் கூடாது, பாக்கி இருக்குன்னு டிசியில எழுதவும் கூடாதுன்னு. பாக்கி பாக்கிதான், அத வசூல் பண்ண அவங்களுக்கு வேற வழி இருக்கு, ஆனா பிள்ளையோட டிசிய புடிச்சு வைக்க முடியாது. காஷன் டெபாசிட், அதாவது ஏதாவது உடைஞ்சா கழிச்சுக்கிட்டு மிச்சத்த திருப்பித் தர்ற முன்பணம், அதோட ரசீதயும் பத்திரமா வைங்க, நான் 10,000 கட்டி வச்சிருந்தேன், ஜன்னல் கண்ணாடி, ட்யூப்லைட்டுன்னு கழிச்சு 6,200 குடுத்தாங்க. பொண்ணுகிட்ட கேட்டா எங்க ரூம்ல ட்யூப்லைட்டே எரியாதுப்பா ங்குறா.